பவர் பார்த்தாச்சு, கண்ணைப் பார்த்தாச்சா?

வழக்கமா இங்கே நாம நெட்வொர்க், டேட்டாபேஸ், வேலை மாறும்போது வரும் குழப்பம்னு பேசுவோம். இந்த வாரம் தலைப்பு கொஞ்சம் வேற. போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "தினமும் பத்து மணி நேரம் ஸ்க்ரீன் முன்னாடி உட்கார்றேன். சாயங்காலம் ஆனா கண் எரியுது. ப்ளூ கட் கண்ணாடி வாங்கலாமா?" அவ்வளவுதான் கேள்வி. ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லி முடிச்சிருக்கலாம். ஆனா அந்தக் கேள்விக்குப் பின்னாடி, நம்மில் பலர் கேட்காத இன்னொரு கேள்வி இருக்கு. அதுக்குத்தான் இந்த முழு எபிசோடும்.

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். நான் சொல்றதை வெச்சு நீங்களா எந்த முடிவும் எடுக்க வேண்டாம். யாரிடம் போகணும், போனா என்ன கேட்கணும், அது தெரிஞ்சா போதும்.

முதல்ல அந்த ப்ளூ கட் விஷயம்

2023-ல காக்ரேன் அமைப்பு ஒரு ஆய்வுத் தொகுப்பு வெளியிட்டது. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி பற்றி நடந்த 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டா, கம்ப்யூட்டர் வேலையால வரும் கண் களைப்பு குறையுதுன்னு சொல்ல ஆதாரம் கிடைக்கலை. அப்போ கண் ஏன் எரியுது? ஸ்க்ரீனை உத்துப் பார்க்கும்போது நாம இமைக்கிறது குறைஞ்சுபோகுது. கண்ணின் மேல் இருக்கும் ஈரம் காய்ஞ்சுபோகுது. மேலே ஏசி காத்து வேற. அதனால 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி, ஜன்னலுக்கு வெளியே இருக்கிற வேப்ப மரத்தைக் கொஞ்ச நேரம் பாருங்க. நல்லா இமைச்சுட்டு வேலையைத் தொடருங்க. இதுக்குக் காசு கிடையாது.

அப்படியும் எரிச்சல் போகலைன்னா கண்ணைக் காட்டணும். யாரிடம்?

மூணு பேர், மூணு வேலை

நம்ம ஊர்ல "கண்ணுக்குக் காட்டிட்டு வந்தேன்"னு சொன்னா, அது மூணு பேர்ல யாரா வேணாலும் இருக்கலாம்.

ஒருத்தர் கண் மருத்துவர். எம்பிபிஎஸ் முடிச்சு, அதுக்கு மேல கண் மருத்துவம் படிச்சவர். நோயைக் கண்டுபிடிப்பார், மருந்து எழுதுவார், அறுவை சிகிச்சை செய்வார்.

இன்னொருத்தர் ஆப்டோமெட்ரிஸ்ட். பட்டப்படிப்பு, அதில் கடைசி ஒரு வருஷம் பயிற்சி. சங்கர நேத்ராலயாவின் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி சென்னையில் 1985 முதல் இந்தப் படிப்பை நடத்துது. பவர் கணிக்கிறது, காண்டாக்ட் லென்ஸ் பொருத்துறது, குழந்தைகளின் பார்வையைச் சோதிக்கிறது, கண்ணுக்குள்ளே சந்தேகமா எதாவது தெரிஞ்சா மருத்துவரிடம் அனுப்புறது, இதெல்லாம் இவங்க வேலை. அறுவை சிகிச்சை செய்ய மாட்டாங்க. 2021-ல வந்த துணை மருத்துவத் தொழில்கள் பற்றிய மத்திய சட்டத்தில் இவங்களும் சேர்க்கப்பட்டிருக்காங்க.

மூணாவது ஆள், கண்ணாடிக் கடைக்காரர். சீட்டில் இருக்கும் எண்ணுக்கு லென்ஸ் அறுத்து, ஃப்ரேமில் பொருத்தி, மூக்கில் சரியா உட்காரும்படி வளைச்சுத் தருவார். இதுவும் கை பழகணும், சாதாரண வேலை இல்லை. ஆனா "இலவசக் கண் பரிசோதனை"னு போர்டு வெச்ச எல்லாக் கடையிலும் உள்ளே ஆப்டோமெட்ரிஸ்ட் இருப்பார்னு நினைச்சுக்காதீங்க. சில கடையில இருப்பார், சில கடையில மெஷின் மட்டும்தான் இருக்கும். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"ன்னு கேட்கிறதில் தப்பே இல்லை. படிச்சவங்க சந்தோஷமா சொல்வாங்க.

கம்ப்யூட்டர் டெஸ்ட் எதைச் சொல்லும்?

தாடையை வெச்சு உள்ளே பார்த்தா, தூரத்தில் ஒரு பலூனோ வீடோ தெரியும். மங்கலா இருந்து தெளிவாகும். அந்த மெஷின் பேர் ஆட்டோ ரிஃப்ராக்டோமீட்டர். நாம சொல்றது "கம்ப்யூட்டர் டெஸ்ட்". கண்ணுக்குள்ளே ஒளியை அனுப்பி, திரும்பி வர்றதை வெச்சு உத்தேசமா ஒரு பவரைச் சொல்லும்.

அது முதல் மதிப்பீடுதான், முடிவு இல்லை. அதுக்கு அப்புறம் லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு, "இதுல நல்லா தெரியுதா, அதுலயா?"ன்னு கேட்கிறாங்க இல்லையா, அதுதான் முக்கியமான சோதனை. ஒவ்வொரு படியும் 0.25. கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டு, பைனரி சர்ச் மாதிரி வித்தியாசத்தைக் குறைச்சுக்கிட்டே வருவாங்க. அந்த இடத்தில் அவசரப்படாதீங்க. ரெண்டும் ஒரே மாதிரி தெரிஞ்சா "ஒரே மாதிரிதான் இருக்கு"ன்னு சொல்லுங்க. அதுவும் ஒரு பதில்தான்.

சீட்டில் இருக்கிறதையும் பார்த்துடலாம். ஸ்பியர் மைனஸ்னா கிட்டப்பார்வை, பிளஸ்னா தூரப்பார்வை. பவர்ங்கிறது மீட்டரில் அளந்த தூரத்தின் தலைகீழ். மைனஸ் 2 பவர்னா, கண்ணாடி இல்லாமல் அரை மீட்டர் வரைக்கும் தெளிவு, அதைத் தாண்டினா மங்கல். சிலிண்டர்ங்கிறது கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒண்ணா இல்லைங்கிறதுக்கான திருத்தம். ஆக்ஸிஸ், அந்தத் திருத்தம் எந்தக் கோணத்தில்னு சொல்லும். ஆட்ங்கிறது 40 வயசுக்கு மேல வர்ற வெள்ளெழுத்துக்குக் கூட்டிக்கொடுக்கும் பவர். 6/6-னா, 6 மீட்டரில் தெரிய வேண்டிய எழுத்து 6 மீட்டரில் தெரியுது. 6/60-னா, மத்தவங்களுக்கு 60 மீட்டரில் தெரியும் எழுத்தைப் பார்க்க நீங்க 6 மீட்டருக்கு வரணும்.

இப்போ கவனிங்க. இந்தச் சீட்டில் இருக்கும் எல்லா எண்ணும் ஒரே கேள்விக்குத்தான் பதில்: ஒளி விழித்திரையில் சரியா குவியுதா? விழித்திரை நல்லா இருக்கா, பார்வை நரம்பு நல்லா இருக்கா, கண்ணுக்குள்ளே அழுத்தம் எவ்வளவு, இதுக்கெல்லாம் இந்தச் சீட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. சர்வர் "பிங்"குக்குப் பதில் சொல்லுது, அதனால எல்லாம் ஓகேன்னு நாம விட்டுடுவோமா? டிஸ்க் நிரம்பிக்கிட்டு இருக்கலாம். அது மாதிரிதான் இதுவும்.

அம்மாவின் மூணு கண்ணாடி

இது எங்க வீட்டில் நடந்தது. அம்மாவுக்கு வயசு 53. வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாங்க. ஒன்றரை வருஷத்துக்குள்ளே படிக்கிற கண்ணாடியை மூணு தடவை மாத்தினாங்க. மூணு தடவையும் ஒரு கடையில் இலவச டெஸ்ட். மூணு தடவையும் ஆட் பவர் கொஞ்சம் கூடுச்சு, புதுக் கண்ணாடி வந்தது, ரெண்டு மாசம் நல்லா இருந்தது. அப்புறம் பழையபடி ஊசியில நூல் கோர்க்க என் தங்கச்சியைக் கூப்பிடுவாங்க.

நாலாவது தடவை, எங்க தெருமுனையில் புதுசா வந்த சின்ன கிளினிக்குக்குப் போனோம். கணவன் மனைவி ரெண்டு பேரும் ஆப்டோமெட்ரிஸ்ட். முன்னறையில் கண்ணாடி விற்பனை, உள்ளறையில் பரிசோதனை. அந்தம்மா எங்க அம்மாவை உட்கார வெச்சு, மெஷினைத் தொடுறதுக்கு முன்னாடியே பத்து நிமிஷம் பேசினாங்க.

"ஒன்றரை வருஷத்துல மூணு கண்ணாடியாம்மா? சுகர் இருக்கா?"

"போன மாசம்தான் பார்த்தேன், இல்லைன்னுட்டாங்க."

"வீட்டுல யாருக்காவது கண் பிரஷர் இருந்திருக்கா?"

"பிரஷரெல்லாம் தெரியாதும்மா. எங்க அப்பாவுக்குக் கடைசிக் காலத்துல பார்வை போயிடுச்சு. வயசாயிடுச்சுல்ல."

அந்தம்மா எழுதுறதை நிறுத்திட்டு நிமிர்ந்து பார்த்தாங்க. அப்புறம் கண் அழுத்தம் பார்த்தாங்க. வலது கண் 27, இடது கண் 24. பொதுவா 10-லிருந்து 21-க்குள் இருக்கும். கண்ணுக்குள்ளே லென்ஸ் வெச்சுப் பார்வை நரம்பின் முனையைப் பார்த்தாங்க. ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. கடைசியில, "இன்னைக்குக் கண்ணாடி எழுதலைம்மா. இந்தச் சீட்டோட நாளைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க. பயப்பட ஒண்ணும் இல்லை, ஆனா தள்ளிப் போடாதீங்க"ன்னாங்க. முன்னறையில் முந்நூறு ஃப்ரேம் தொங்குது. ஒண்ணைக்கூட எங்களிடம் காட்டலை.

கண் ஆஸ்பத்திரியில் பார்வைப் பரப்பு சோதனை செஞ்சாங்க. ஒரு குழிக்குள்ளே முகத்தை வெச்சு, நேராப் பார்த்துக்கிட்டே, ஓரத்தில் புள்ளி மினுக்கும்போது பட்டனை அழுத்தணும். வலது கண்ணில் மேல் ஓரத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே போயிருந்தது. அம்மாவுக்கு அது தெரியவே இல்லை. வந்தது குளுக்கோமா. தமிழ்ல கண் அழுத்த நோய்.

இப்போ தினமும் ராத்திரி ஒரு சொட்டு மருந்து. அழுத்தம் 15, 16-ல நிக்குது. போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாத்திக்கிட்டு இருக்கோம். அம்மா இப்பவும் தைக்கிறாங்க.

வலிக்காத நோய்

இதில் பயங்கரமே அது சத்தம் போடாததுதான். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள் இருக்கு. அழுத்தத்தில் அவை ஒவ்வொண்ணா செத்துப்போகும். வலிக்காது, சிவக்காது. ஓரத்தில் ஆரம்பிச்சு மெதுவா உள்ளே வரும். நடுப்பார்வை கடைசி வரைக்கும் நல்லா இருக்கும். அதனால சார்ட்டில் கடைசி வரி வரைக்கும் படிச்சுடலாம்.

பார்வையில் ஓட்டை விழுந்தா நமக்குத் தெரியாதான்னு கேட்பீங்க. இப்பவே சோதிச்சுப் பாருங்க. வண்டி ஓட்டிக்கிட்டே கேட்கிறவங்க மட்டும் வீட்டுக்குப் போய்ப் பாருங்க. ரெண்டு கட்டை விரலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கையை நேரா நீட்டுங்க. இடது கண்ணை மூடிக்கோங்க. வலது கண்ணால இடது கட்டை விரலையே பாருங்க, பார்வை அசையக் கூடாது. இப்போ வலது கையை மெதுவா வலப்பக்கமா நகர்த்துங்க. முக்கால் சாண் போனதும் அந்த விரல் நுனி காணாமல் போகும். இன்னும் நகர்த்தினா திரும்ப வரும். பார்வை நரம்பு வெளியேறும் இடம் அது, எல்லாருக்கும் பிறப்பிலிருந்தே அங்கே பார்வை இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த ஓட்டையை என்னைக்காவது பார்த்திருக்கீங்களா? மூளை சுத்தி இருக்கிறதை வெச்சு அதை நிரப்பிடுது. குளுக்கோமா போடும் ஓட்டையையும் அப்படித்தான் நிரப்பும்.

தமிழ்நாட்டில் வீடு வீடாப் போய் நடத்தின ஆய்வுகளில், குளுக்கோமா இருந்தவங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்களுக்கு அது இருக்குங்கிறதே தெரியாமல் இருந்தாங்க. அடிக்கடி படிக்கும் கண்ணாடி மாத்த வேண்டி வர்றது, இந்த நோயின் அறிகுறிகளில் ஒண்ணா கண் மருத்துவப் பாடப் புத்தகங்களிலேயே இருக்கு. சுகர் ஏறி இறங்கினாலும் பவர் மாறும். அதனால்தான் அந்தம்மா ரெண்டு கேள்வியையும் அடுத்தடுத்துக் கேட்டாங்க.

அப்பா அம்மாவுக்கோ, கூடப் பிறந்தவங்களுக்கோ இருந்தா நமக்கும் வர வாய்ப்பு கூடுதல். நானும் தங்கச்சியும் பார்த்துட்டோம், இப்போதைக்கு ஒண்ணும் இல்லை, வருஷா வருஷம் வரச் சொல்லியிருக்காங்க. சித்திக்கும் இல்லை. மாமா மட்டும் இன்னும் போகலை. வேன் ஓட்டுறவர். "எனக்கு நல்லாத்தானே தெரியுது மாப்ள"ங்கிறார். அம்மாவும் அதையேதான் சொன்னாங்க, வலது கண்ணில் ஒரு பகுதி போன பிறகும். மாமா, நீங்க வேன்ல இதைக் கேட்பீங்கன்னு தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்க, நானே கூட வர்றேன்.

தேனியில் ஒரு வைஃபை கதை

தெருமுனையில் கண் பார்க்க ஆள் இருக்கிறது எவ்வளவு முக்கியம்னு ஒரு எண் சொல்றேன். டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்சார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கையாலேயே அறுவை சிகிச்சை செஞ்சவர் அவர். கிராமம் கிராமமா இலவச முகாம் நடந்தது. ஆனா 1999-ல வெளியான ஓர் ஆய்வில், கண் பிரச்சினை இருந்தவங்களில் முகாமுக்கு வந்தவங்க 7 சதவீதத்துக்கும் குறைவுன்னு தெரிஞ்சது. முகாம் இலவசம்தான். ஆனா நடக்கிறது ஒரு நாள்தான். அன்னைக்குக் களையெடுப்பு இருந்தா? கூட்டிட்டுப் போக ஆள் இல்லைன்னா?

அதனால ஊருக்குள்ளேயே தினமும் திறந்திருக்கும் சின்ன மையங்களை 2004 வாக்கில் ஆரம்பிச்சாங்க. விஷன் சென்டர்னு பேர். பயிற்சி பெற்ற பெண்கள் பரிசோதனை செய்வாங்க. டாக்டர் தேனி ஆஸ்பத்திரியில் இருந்தபடியே வீடியோவில் நோயாளியோட பேசுவார். பிரச்சினை, அப்போ அந்த ஊர்களில் பிராட்பேண்ட் கிடையாது.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவரின் குழு இதில் சேர்ந்தது. ஆமா, டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம் இன்டர்வியூவில் நம்மைக் கேட்டுக் கேட்டுப் படுத்துற கேப் தேற்றத்தின் அதே ப்ரூவர்தான். வீட்டில் இருக்கும் சாதாரண வைஃபை தரத்தையே, கோபுரமும் திசை பார்த்த ஆன்டெனாவும் வெச்சுப் பல கிலோமீட்டருக்கு நீட்டினாங்க. சிக்னல் போச்சு. ப்ரோட்டோகால் படுத்துச்சு. வைஃபையில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் "வந்துடுச்சு"ன்னு பதில் வரணும். தூரம் கூடினா அந்தப் பதில் தாமதமாகும். வரலைன்னு நினைச்சுத் திரும்ப அனுப்பும். ரெண்டு முனையும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கும். அதனால அந்த முறையைத் தூக்கிட்டு, "இந்த நேரத்துண்டு உனக்கு, அடுத்தது எனக்கு"ன்னு முறை வெச்சாங்க. பதிலையும் மொத்தமா ஒரே தடவையில் அனுப்பினாங்க. வீடியோ ஓடுச்சு. நெட்வொர்க்கை அதிகமா படுக்க வெச்ச எதிரிகளில் ஒண்ணு எதுன்னு நினைக்கிறீங்க? நம்ம ஊர் கரண்ட். வோல்டேஜ் ஏறி இறங்கியே ரௌட்டர்கள் செத்துச்சு.

அவங்க இத்தனை பாடுபட்டது, கண் தெரியிறவர் ஒருத்தர் நடந்து போற தூரத்தில் இருக்கணும்ங்கிற ஒரே காரணத்துக்காக. நம்மில் பலருக்கு அது தெருமுனையிலேயே இருக்கு.

எப்போ போகணும், என்ன கேட்கணும்

வேகமா சொல்லிடறேன், குறிச்சுக்கோங்க.

குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்க்கும் முன்னாடி ஒரு தடவை. அதுங்களுக்கு மங்கலா தெரியுதுன்னு சொல்லத் தெரியாது, உலகமே அப்படித்தான்னு நினைக்கும். ஒரு கண் மட்டும் மங்கலா இருந்து சின்ன வயசில் கவனிக்கலைன்னா, மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிடும். சோம்பேறிக் கண்ணுன்னு சொல்வாங்க, வளர்ந்த பிறகு சரி பண்றது கஷ்டம். குழந்தைக்குச் சொட்டு மருந்து விட்டுத்தான் பவர் பார்க்கணும்னு சொன்னா மறுக்காதீங்க. குழந்தையின் கண் உத்துப் பார்த்துப் பார்த்து மெஷினையே ஏமாத்திடும். அப்புறம், பிள்ளைகளை வெளியில விளையாட விடுங்க. பகல் வெளிச்சத்தில் இருக்கிறது கிட்டப்பார்வை ஆரம்பிக்கிறதைக் குறைக்குதுன்னு ஆய்வுகள் சொல்லுது. தைவான் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 2 மணி நேரம் வெளியில் அனுப்பச் சொல்லி ஒரு திட்டமே வெச்சிருக்கு.

சுகர் இருக்கிறவங்க வருஷம் ஒரு தடவை விழித்திரையைப் பார்க்கணும், பார்வை எவ்வளவு நல்லா இருந்தாலும். 40 தாண்டினவங்க ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுப் பரிசோதனை. குடும்பத்தில் குளுக்கோமா இருந்தா வருஷா வருஷம்.

திடீர்னு கண்ணுக்குள்ளே மின்னல் அடிச்சா, கொசு மாதிரி நிறையப் புள்ளி பறந்தா, திரை விழுந்த மாதிரி ஒரு பக்கம் மறைஞ்சா, கடைக்குப் போகாதீங்க, அன்னைக்கே கண் ஆஸ்பத்திரி. கண் சிவந்து தாங்க முடியாத வலியோட வாந்தி வந்தாலும் அப்படித்தான்.

போற இடத்தில் மூணு கேள்வி கேளுங்க. "கண் அழுத்தம் பார்த்தீங்களா? எவ்வளவு?" "பார்வை நரம்பைப் பார்த்தீங்களா?" "அடுத்து எப்போ வரணும்?" பதிலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்க. தேதியோட போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ஒரு எண்ணை மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அழுத்தம் நார்மலா இருந்தும் குளுக்கோமா வரலாம். நாலஞ்சு வருஷ எண்களும் நரம்பின் படமும் சேர்ந்தா டாக்டருக்கு எது மாறுதுன்னு புரியும். லாக் இல்லாமல் டீபக் பண்ற கஷ்டம் நமக்குத் தெரியாததா?

கேள்வி கேட்ட அந்த நேயருக்கு: ப்ளூ கட்டுக்கு வெச்ச காசை ஒரு முழுக் கண் பரிசோதனைக்குக் கொடுங்க. போகும்போது உங்க அப்பா அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க.

அடுத்த எபிசோடில் ஆன்-கால் டியூட்டியும் தூக்கமும். அதுவரைக்கும், நல்லா இமைச்சுக்கோங்க.